குப்பை வண்டியை ஓடிப் பிடித்தவள்

1.

பதினொரு வயதுப் பெண் ஒருத்தி நகராட்சிக் குப்பை வண்டியை ஓடியே பிடித்தாள். அவள் ஓடிய வேகத்தில் மாடிகளில் காயப்போட்ட துணியெல்லாம் மடிப்புக் கலையாமல் உலர்ந்து விழுந்தன. தெற்கே போகிற ரயில் ஒன்று அவளுக்காகவே வந்து, வண்டிக்குக் குறுக்கே நின்று, "பிடிச்சுக்கோம்மா" என்றது. சியாயி நகரமே சாட்சி.

நம்பவில்லை அல்லவா? நல்லது. முப்பது வருஷம் சுற்றுலாப் பேருந்தில் மைக் பிடித்தவன் நான். என் வாய் பட்டு நூறு வருஷக் கோயில்கள் நானூறு வருஷத்துக்கு மூத்துப்போயின. ஏரிகளில் ஆழம் கூடியது. ஓய்வு பெற்ற பிறகு என் பொய்களுக்குப் பயணிகள் இல்லை. அதனால் எழுதுகிறேன்.

ஆனால் இந்தக் கதை பிறந்த இடத்தைப் பொய் கலக்காமல் சொல்லிவிடுகிறேன். அது ஒரு காலிப் பை.

எங்கள் ஊரில் குப்பையைத் தெருமுனையில் வைத்துவிட்டுப் போக முடியாது. சாயங்காலம் மஞ்சள் வண்டி பியானோ மெட்டைப் பாடிக்கொண்டு வரும்.* நாமே பையோடு இறங்கிப் போய்க் கொடுக்க வேண்டும். வண்டி வருவதற்கு முன்பே ஜனம் மூலையில் கூடிவிடும். வம்பு, வாய்ச்சண்டை, வாழைப்பழம் பரிமாற்றம் எல்லாம் நடக்கும். மனைவி போன பிறகு என் வீட்டில் குப்பையே சேர்வதில்லை. வான்கோழிச் சோற்றுக் கடையில் நின்றபடியே தின்றுவிட்டு வருகிறவனுக்கு என்ன குப்பை? ஆனாலும் தினமும் ஒரு பையை ஊதிக் கட்டி எடுத்துக்கொண்டு இறங்குவேன்.

அதை ஒருத்திதான் கண்டுபிடித்தாள்.

"லியாவ் தாத்தா, உங்க பையில ஒண்ணுமே இல்லையே. காத்தைத்தானே கட்டிக் கொண்டாந்திருக்கீங்க?"

"மெல்லப் பேசு. இது வெளிநாட்டுக் காத்து."

(*எங்கள் ஊர்ப் பிள்ளைகள் கச்சேரியில் அந்த மெட்டைக் கேட்டால் கைதட்ட மாட்டார்கள். குப்பையைத் தேடி எழுந்துவிடுவார்கள்.)

2.

அவள் பெயர் யுன்சிங். எனக்கு இரண்டு மாடி மேலே. அவளை அறிமுகப்படுத்த நான் எழுதிப் பார்த்த வாக்கியங்கள்:

யுன்சிங் ஆவியில் வெந்த பன் போல

திருவிழாவில் நம்மேல் முட்டிக்கொண்டு வரும் காற்றுப்பொம்மை

அவள் படியிறங்கினால் நில அதிர்வு நிலையத்தில்

மூன்றையும் அவளிடமே படித்துக் காட்டினேன். எழுத்தாளன் செய்யக்கூடாத காரியம். முழுதும் கேட்டுவிட்டு, மூக்கைச் சொறிந்துகொண்டாள்.

"எதுக்குத் தாத்தா என்னை எதோடயாவது சேர்த்தே எழுதுறீங்க? நான் என்ன பண்டமா?"

"பின்னே எப்படித்தான் எழுதுறது?"

"இடது கைக்காரின்னு எழுதுங்க. மேல்பல்லு ஒண்ணு கோணல்னு எழுதுங்க. எடையைப் போட்டீங்க, அப்புறம் உங்க காத்துப் பை சமாச்சாரம் தெருவுக்கே தெரிஞ்சிடும்."

ஆகவே: யுன்சிங் இடது கைக்காரி. மேல்பல் ஒன்று கோணல். எடை [   ].

அந்தக் காலி அடைப்புக்குறி என் எழுத்து வாழ்க்கையிலேயே பெரிய தியாகம். எனக்கு எண்கள் கிடைத்தால் விடமாட்டேன். பெருக்குவேன்.

3.

இப்போது அப்பாவைக் கொண்டுவர வேண்டும். இங்கேதான் எனக்குச் சந்தேகம். இப்படி ஒரு அப்பாவைக் கதையில் வைத்தால் யார் நம்புவார்கள்?

ஆ-தே இரவுச் சந்தையில் கோழி பொரிக்கிறவன். முகத்தைவிட அகலமான கோழித் துண்டை மாவில் புரட்டி எண்ணெயில் விட்டால், வரிசை மூன்று கடை தள்ளி நிற்கும். (ஒரு கடை தள்ளி. என்னை விடுங்கள், பழக்கம்.) மாலையில், மகள் மாலை வகுப்பு முடிந்து வருமுன்னே அவன் கடைக்குப் போய்விடுவான். அவன் திரும்பும்போது அவள் தூங்கியிருப்பாள். அவள் பள்ளிக்குக் கிளம்பும்போது இவன் தூங்குவான். அம்மா வேறொரு ஊரில் வேறொரு குடும்பத்தில் இருக்கிறாள். ஆகவே போகும்போது ஆ-தே ஒரு பொட்டலத்தை வீட்டுக் கதவின் பிடியில் மாட்டிவிட்டுப் போவான். உள்ளே பொரித்த கோழி. அப்பனும் மகளும் அந்தக் கதவுப்பிடி வழியாகத்தான் குடும்பம் நடத்தினார்கள்.

பள்ளிக்கூடத்துத் தாதி ஆ-தேயைக் கூப்பிட்டனுப்பி, பிள்ளையின் ஈரலில் கொழுப்பு படியத் தொடங்கியிருக்கிறது என்றாளாம். "பட்டினி போடாதீங்க, வளர்ற பிள்ளை. எடை குறையணும்கிறதில்ல, இப்படியே நிறுத்திவச்சாப் போதும். உயரம் பின்னாலேயே வந்து எட்டிப் பிடிச்சுக்கும். தட்டுல பாதி காய்கறி, குடிக்கத் தண்ணி, தினமும் மூச்சு வாங்க ஓடியாடணும்."

அதில் ஒன்றுகூடக் கடினமில்லை. கூட ஒரு ஆள் இருந்தால். தனியாக ஒரு தட்டின் முன்னால் உட்கார்ந்து பாதியளவு காய்கறி தின்பது எவ்வளவு பெரிய சாகசம் என்பது எனக்குத் தெரியும். நானே நின்றுகொண்டல்லவா சாப்பிடுகிறேன்.

ஆ-தே "சரிங்க" என்று சொல்லிவிட்டு வந்தான். அன்று மாலை கதவுப்பிடியில் வழக்கத்தைவிடப் பெரிய துண்டு தொங்கியது. பயந்தவன் அப்படித்தான் செய்வான். அவன் கையில் இருந்த ஒரே மருந்து அதுதான்.

யுன்சிங் என்ன செய்தாள்?

[இந்த இடத்தில் நான் நிறுத்தி அவளிடம் அனுமதி கேட்டேன். "அப்பா படிக்க மாட்டாரு. எண்ணெய் டின்னுல ஒட்டியிருக்கிறதைத் தவிர அவர் எதையும் படிச்சு நான் பார்த்ததில்ல. எழுதுங்க" என்றாள்.]

பொட்டலத்தைத் திறக்காமலே குப்பைப் பையில் போட்டுக் கட்டினாள். ஒவ்வொரு மாலையும். மிச்சச் சோற்றை வண்டியோடு வரும் பன்றிப் பண்ணை வாளியில்தான் கொட்ட வேண்டும். ஆனால் வாளிக்குப் பக்கத்தில் எங்கள் தெருவின் வம்புக்காரி சொங் அக்கா நிற்பாள். அவள் கண்ணில் ஒரு கோழித்துண்டு பட்டால், வண்டி அடுத்த மூலைக்குப் போகுமுன் செய்தி ஆ-தே கடைக்குப் போயிருக்கும். அதனால் சட்டவிரோதமாகக் குப்பையோடு குப்பை. பிறகு மேலே போய் மின்பானையில் முட்டைக்கோஸும் முட்டையும் சோறும் வேகவைத்துத் தின்பாள்.

"ஒருதடவையாவது திறந்து பார்த்தியா?" என்று கேட்டிருக்கிறேன்.

"திறந்தா தின்னுடுவேன் தாத்தா. அதான் திறக்கறதே இல்ல."

"அப்பாகிட்ட வேணாம்னு சொல்லிட வேண்டியதுதானே?"

கோணல் பல்லை நாக்கால் தடவிக்கொண்டிருந்தாள்.

"அவருக்கு வேற என்ன செய்யத் தெரியும்?"

4.

இனி ஓட்டம். கையை உதறிக்கொள்கிறேன்.

அன்று அவள் இறங்கி வந்து குப்பைப் பையை வண்டியின் வாய்க்குள் எறிந்தாள். வழக்கமாகப் பொத்தென்று விழும். அன்று டங் என்றது. எனக்குக் கேட்டது. அவளுக்கும் கேட்டது. தோளைக் குலுக்கிக்கொண்டாள். வண்டி பாடிக்கொண்டே கிளம்பிவிட்டது. பின்னாலேயே பழைய பாட்டில், தகரம் எடுக்கிற சின்ன லாரியும் போயிற்று.

அப்போது அவள் கைப்பேசி அடித்தது. ஆ-தே. கடை நேரத்தில் அவன் கூப்பிடுவதே கிடையாது. எண்ணெய் கொதிக்கும் சத்தத்துக்கு மேலே கத்தினான், அதனால் மூலை முழுவதற்கும் கேட்டது.

"யுன்யுன், டப்பாவைத் திறந்தியா? எஃகு டப்பா, கிளிப்பு கொஞ்சம் இறுக்கம். மீனு ஆவியில வச்சது. கீரை இருக்கு. பக்கத்துக் கடைக்காரப் பய கத்துக் குடுத்தான், நல்லா வந்துதா தெரியல. சூடா இருக்கும்போதே சாப்பிடு. இஞ்சி ஜாஸ்தின்னா எடுத்து வச்சிடு."

அவள் "ம்" என்றாள். கைப்பேசியைச் சட்டைப் பையில் போட்டாள்.

"ரெண்டு துண்டு வச்சிருக்காருன்னு நெனச்சேன் தாத்தா" என்றாள். "அதான் கனம்னு."

பிறகு ஓடினாள்.

[முதல் பிரதியில் இங்கே சிறுத்தை வந்தது. எடுத்துவிட்டேன். அவள் சிறுத்தை மாதிரி ஓடவில்லை. ஓடத் தெரியாத பிள்ளை ஓடுகிற மாதிரி ஓடினாள்: செருப்பு அடிக்க, கை இரண்டும் ஆளுக்கொரு திசையில். பள்ளியில் அவள் ஓடினால் பின்னால் பையன்கள் லாரி பின்வாங்குகிற மாதிரி "பீப் பீப்" என்பார்களாம். அதற்காகவே ஓடுவதை விட்டிருந்தாள்.]

"ஏ பொண்ணு, எங்கடி ஓடுற?" என்றாள் சொங் அக்கா, தன் காலி வாளியோடு.

"அக்கா, உங்க ஸ்கூட்டரை எடுங்க" என்றேன்.

"எதுக்கு?"

"சரித்திரம் ஓடிட்டிருக்கு. வழியில சொல்றேன்."

அவள் ஓட்ட, நான் பின்னால் வாளியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். எங்கள் வேகம் ஒலியின் வேகத்துக்குச் சற்றே குறைவு. மருந்துக்கடை மூலையில் வண்டி நின்றது. யுன்சிங் கிட்டத்தட்டத் தொட்டாள். கிளம்பிவிட்டது. குளத்து மூலையில் நின்றது, முழங்காலைப் பிடித்துக் குனிந்து இருமினாள். கிளம்பிவிட்டது. ஓட்டம், மூச்சு, ஓட்டம், மூச்சு. உடற்பயிற்சி நிபுணர்கள் இதற்கு ஏதோ பெயர் வைத்துக் கட்டணமும் வாங்குகிறார்கள். எங்கள் ஊரில் குப்பை வண்டி இலவசமாகச் செய்கிறது.

"ஏறிக்கடி பின்னாடி" என்று சொங் அக்கா கத்தினாள்.

அவள் எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இசைக்கு மட்டும் காது கொடுத்திருந்தாள். வண்டி சந்தைத் தெருவுக்குள் நுழைந்தது. பொரிக்கிற புகை, விளக்குகள், வாங்க வந்த கூட்டம். அந்தக் கூட்டம் பிளந்து வழிவிட்டது. (இரண்டு பேர் விலகினார்கள். ஒருவன் திட்டினான்.) தெருவின் கடைசியில் ரயில்வே கேட். மணியடித்தது, கட்டை இறங்கியது, தெற்கே போகிற ரயில் வந்து வண்டிக்குக் குறுக்கே நின்ற மாதிரி ஊர்ந்தது.

யுன்சிங் குப்பை வண்டியின் பின்புறத்தில் கையை வைத்தாள். இடது கையை.

5.

வண்டிக்காரர் கோபக்காரர்.

"எஃகு டப்பாவா? குப்பைப் பையில எஃகைப் போட்ட மகராணி நீதானா? டங்குன்னு கேட்டதும் பிரிச்சு எடுத்துப் பின்னாடி லாரியில போட்டேன். பள்ளிக்கூடத்துல பிரிச்சுப் போடச் சொல்லித் தர்றதில்லையா?"

"மன்னிச்சுக்கோங்க" என்றாள். பேச்சைவிட மூச்சுதான் அதிகம் வந்தது.

"எதுக்கு இவ்வளவு தூரம் ஓடியாந்த? அப்படி என்ன இருக்கு உள்ள?"

"சாப்பாடு."

அவர் அவளைப் பார்த்தார். பிறகு தானே போய் லாரியில் ஏறி, பாட்டில்களுக்கு நடுவிலிருந்து டப்பாவை எடுத்து, தன் கையுறையைக் கழற்றித் துடைத்துக் கொடுத்தார். மூடியில் ஒரு பள்ளம். கிளிப் விட்டுக்கொடுக்கவில்லை.

கேட்டோரத்துச் சிமெண்டுத் திண்டில் உட்கார்ந்து திறந்தாள். மீன் இரண்டாக உடைந்திருந்தது. கீரை ஒரு பக்கம் ஒதுங்கியிருந்தது. இஞ்சி, நான் மிகைப்படுத்தவில்லை, இஞ்சி ஒரு தோட்டமே இருந்தது. பச்சைக்கீரையைக் கோழி மாதிரி பொரிக்கப் பார்த்துக் கடைசி நொடியில் மனம் மாறியவன் சமைத்த ருசி.

எப்படித் தெரியும் என்கிறீர்களா?

"சாப்பிடுங்க தாத்தா."

"நான் வீட்டுல சாப்பிட்டாச்சு."

"பொய். வீட்டுல சாப்பிட்டா குப்பை இருக்கும். உங்க பையில முள்ளு எலும்புன்னு ஒண்ணும் கிடையாது."

மூடியில் பாதி மீனை வைத்து நீட்டினாள். சொங் அக்கா ஸ்கூட்டரில் சாய்ந்தபடி, அவளுக்குத் தெரிந்தவரை, வாயை மூடிக்கொண்டிருந்தாள். ரயில் போய், கட்டை ஏறி, வண்டி பாடிக்கொண்டு போன பிறகும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். உட்கார்ந்து சாப்பிட்டால் இவ்வளவு நேரம் ஆகும் என்பதை நான் மறந்திருந்தேன்.

"இந்த விஷயம் அப்பாவுக்குப் போகக்கூடாது அக்கா" என்றாள் யுன்சிங், டப்பாவை மூடும்போது. "இதுவரைக்கும் நான் தூக்கிப் போட்டதெல்லாம். அவர் தாங்க மாட்டாரு."

சொங் அக்கா வாயைப் பூட்டிச் சாவியை வாளியில் போட்டாள். அவள் வாழ்நாளில் காத்த ஒரே ரகசியம் இதுதான்.

6.

என் நிலைமையைப் பாருங்கள். முப்பது வருஷம் நடக்காததையெல்லாம் சொன்னேன், எல்லோரும் நம்பினார்கள். முதல்முறையாக ஒன்று உண்மையாகவே நடந்திருக்கிறது. ஒருவனும் நம்பவில்லை.

மறுநாள் மதியம், சந்தை திறக்குமுன், மாவு கலக்கிக்கொண்டிருந்த ஆ-தேயிடம் போய் ஆரம்பித்தேன்.

"உன் பொண்ணு நேத்து குப்பை வண்டியை ஓடிப் பிடிச்சாப்பா."

"எந்த வண்டியை?"

"மஞ்ச வண்டியை. எங்க மூலையிலிருந்து ரயில்வே கேட் வரைக்கும்."

"லியாவ் அண்ணே, அவ மாடிப்படிக்கே நின்னு நின்னு ஏறுறவ. உங்க கதையில பாதியைக் கழிச்சுத்தான் கேக்குறது வழக்கம். இதுல எதைக் கழிக்கிறது? வண்டியையா?"

"கேட் போட்டிருந்தான்."

"கேட் போட்டா எங்க மாமியாகூடப் பிடிப்பா. அது சரி, எதுக்கு ஓடினா?"

இங்கேதான் நான் மாட்டிக்கொண்டேன். "எதுக்கு" என்பதைச் சொன்னால் கதை நிற்கும், அவன் நம்புவான். அவன் மாட்டிவைத்த ஒவ்வொரு பொட்டலமும் எங்கே போயிற்று என்பதும் கூடவே தெரிந்துவிடும். நாக்கு நுனி வரை வந்தது. வாசகரே, என் மாதிரி ஆளுக்கு அது எவ்வளவு பெரிய

[அந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. அவனிடமும் முடிக்கவில்லை.]

"சும்மா ஓடினா" என்றேன்.

"சும்மா" என்று சிரித்தான். "அண்ணே, உங்களுக்கு வயசாகுது. முன்னெல்லாம் உங்க பொய்யில காரணமாவது இருக்கும்."

வாழ்க்கையில் முதல்முறையாகப் பொய்யன் என்ற பட்டத்தை வாதாடாமல் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

7.

இப்போது முடிவு. கையிருப்பில் மூன்று இருக்கின்றன.

முதலாவது: பள்ளி விளையாட்டு விழாவில் யுன்சிங் முதலாக வந்தாள், பீப் பீப் பையன்கள் வாயடைத்தார்கள். இதை எழுதும்போது எனக்கே கொட்டாவி வந்தது. அவள் கடைசிக்கு முந்தியவளாக வந்தாள். கடைசியாக வந்தவன் செருப்பு அறுந்தவன்.

இரண்டாவது: ஒரு புகைப்படம், ஒல்லியான பெண், "முன்பு, பின்பு." யுன்சிங் இந்தப் பக்கத்தைக் கிழித்துக் காகிதக் குப்பையில் சரியாகப் பிரித்துப் போட்டாள்.

மூன்றாவது: எஃகு டப்பா தினமும் கதவுப்பிடியில் தொங்குகிறது. அவள் கழுவி, காலி டப்பாவை அதே பிடியில் திரும்ப மாட்டுகிறாள். இஞ்சி குறைந்துவருகிறது. அவள் இப்போது எங்கள் மூலையில் குப்பை போடுவதில்லை. குளத்து மூலை வரை நடந்துபோய்ப் போடுகிறாள், சில நாள் கேட் வரை. நானும் என் பையோடு கூடப் போகிறேன். அதில் இப்போது ஒரு மீன்முள்ளாவது இருக்கும். தாதி நிறுத்துப் பார்த்தாள், எடை அதே [   ]. அளந்து பார்த்தாள், உயரம் புறப்பட்டுவிட்டது. எட்டிப் பிடிக்குமா? அது நான் சொல்ல வேண்டியதில்லை. சியாயி வந்தால் சாயங்காலம் குளத்து மூலையில் நில்லுங்கள். நீங்களே முடித்துக்கொள்ளுங்கள்.

இதோடு நிறுத்தியிருப்பேன். ஆனால் எழுதியதை யாருக்காவது படித்துக் காட்டாவிட்டால் எனக்குச் செரிக்காது. ஆ-தேயிடம் போனேன். மூன்றாம் பகுதியை, அந்தப் பொட்டல விவகாரத்தை, வீட்டிலேயே வைத்துவிட்டேன். கைப்பேசி, கேட்டோரத்துச் சாப்பாடு, அவனோடு நான் பேசியது எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன். மிஞ்சியது துணி காய்ந்தது, கூட்டம் பிளந்தது, ரயில் பேசியது, ஒரு பெண் காரணமில்லாமல் ஓடியது. அவன் மீனைச் செதில் எடுத்துக்கொண்டே கேட்டான். கோழிக்கடையில் மீன்.

படித்து முடித்தேன். வழக்கமாக அவன் சிரிக்க வேண்டிய இடம் அது.

"அதுல ஒரு தப்பு இருக்கு அண்ணே" என்றான்.

"ஒண்ணுதானா?"

"சந்தைத் தெருவுல கூட்டம் விலகலை. என் கடை முன்னாடி ஒருத்தன் அவளை இடிச்சுட்டான். தடுமாறி, தள்ளுவண்டியைப் பிடிச்சு நின்னு, திரும்ப ஓடினா."

என் கையில் இருந்த தாளை மடித்தேன்.

"நீ பார்த்தியா?"

"எண்ணெய்க்குப் பின்னாடி நின்னு பார்த்தேன். போகும்போது வெறுங்கை. திரும்பி வரும்போது கையில என் டப்பா இருந்துச்சு." செதிலைத் தட்டிவிட்டான். "மூடியில பள்ளம்."

"பின்னே அன்னைக்கு ஏன்பா நம்பலேன்னு சொன்ன?"

"நம்புறேன்னு சொன்னா, அவகிட்ட எதுக்கு ஓடினேன்னு கேக்கணும்ல."

மீனைக் கழுவினான். ஒரே ஒரு துண்டு இஞ்சி எடுத்து, யோசித்து, அதிலும் பாதியை நறுக்கித் தள்ளிவைத்தான்.

"ஓடினா அண்ணே" என்றான். "கேட் வரைக்கும் ஓடினா."